ஒரு நாற்காலிக்கு அளந்த சத்தம்

மத்தியானம் ஒன்றரை மணி. செங்கம் ரோட்டை விட்டு உள்ளே பிரிகிற ஒரு தனி ரோடு. சித்திரை வெயில்... இளகின தார் டயரில் ஒட்டி ஒட்டி விடுகிற சத்தம் மட்டும்தான். ஆள் இல்லை, ஆடு மாடு இல்லை. மலையை நிமிர்ந்து பார்த்தால் கண் கூசும்.

மத்தியானத்தில் என்ன பேய் என்று விமல்ராஜ் கேட்டான். சாப்பாட்டு நேரம் பார்த்து வருமா, அதுக்கு ஒரு மீல்ஸ் சொல்லணுமா என்று இன்னும் ரெண்டு சேர்த்துச் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை. கரண்ட் போய் அரை மணிக்கு மேல் ஆகியிருந்தது. லாட்ஜ் மொட்டை மாடியில் எல்லாரும் ஒரே பாயில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கதை சொல்லிக்கொண்டிருந்த அன்பரசனின் மச்சான் எழிலுக்கு நடந்தது இது. அன்பரசன் கதை கட்டுகிறவன் இல்லை. எழில் பேசுகிறவனே இல்லை.

எழிலுக்கு ஊர் கீழ்பென்னாத்தூர். வீட்டில் நெல்லும் மல்லாட்டையும் பயிர் வைக்கிறார்கள். இவன் மட்டும் வயரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டான். வசதியான வீடுகளில் ஹோம் தியேட்டர் அமைத்துக் கொடுப்பது அவன் தொழில். டிவியை மாட்டி ரெண்டு பக்கமும் ஸ்பீக்கர் வைக்கிற வேலை இல்லை அது. சுற்றிலும் ஏழு ஸ்பீக்கர், தலைக்கு மேலே கூரைக்குள் நாலு, மூலையில் இடி மாதிரி அதிர்கிற பெட்டி ஒன்று. படத்தில் மழை பெய்தால் உண்மையிலேயே மேலேயிருந்து பெய்யும். ஒரு குருவி பறந்தால் இடது தோளுக்குப் பின்னால் கிளம்பி, உச்சந்தலையைத் தாண்டி, வலது பக்கச் சுவரோரம் போய் உட்காரும். கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறவர் அது உட்கார்ந்த இடத்தை விரல் நீட்டிக் காட்டணும். காட்டினால்தான் எழில் ஏணியை மடக்குவான்.

அதில் ஒரு சங்கதி உண்டு. அந்தக் கணக்கு அறைக்குள் ஒரே ஓர் இடத்துக்குத்தான் சரியாக வரும். ஒரு நாற்காலிக்கு. பக்கத்தில் இருப்பவருக்குக் குருவி கொஞ்சம் தள்ளித்தான் உட்காரும். அதனால் வேலை முடிகிற நேரத்தில் எழில் கேட்கிற கேள்வி எப்போதும் ஒன்றுதான். யாருக்கு அளக்கட்டும்?

வேதா என்ற அம்மா ஒருத்தர் போன் செய்தார். அறுபதை ஒட்டின வயது. புருஷன் சக்கரபாணி இன்ஜினியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கடைசிக் காலத்துக்கு மலை தெரிகிற இடத்தில் வீடு வேண்டும் என்று தேடித் தேடி அங்கே மனை வாங்கிக் கட்டியிருந்தார். வீட்டு நடுவில், சமையலறைக்கு எதிரே, தியேட்டருக்கென்றே ஓர் அறை. அதற்கு ஜன்னல் கிடையாது. நாலு சுவரிலும் பஞ்சுப் பலகை. கதவைச் சுற்றி ரப்பர். உள்ளே வெடி போட்டாலும் வெளியே கேட்காது. வயர் எல்லாம் அவரே இழுத்தார். கூரையில் ஸ்பீக்கருக்கு ஓட்டை போட்டதும் அவரே. பெட்டிகள் வந்து இறங்கின. பிரிப்பதற்குள் போய்விட்டார்... அந்த அறையிலேயே. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் போய் நாற்காலியில் உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை.

ஒரு வருஷத்துக்கு மேல் பெட்டிகள் அப்படியே கிடந்தன. இப்போது மாட்டிக் கொடுக்கணும் என்றார். மகள் வினோதினி பெங்களூரில் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை வந்து அம்மாவைக் கூட்டிப் போகப் போகிறாள், வீட்டை விற்கப் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பதும் அந்தப் போனிலேயே தெரிந்தது. விற்கிற வீட்டில் தியேட்டர் தயாராக இருந்தால் நல்ல விலை வரும், அதுக்குத்தான் அவசரப்படுகிறார்கள் என்று எழில் நினைத்துக்கொண்டான்.

போன முதல் நாளே அவனுக்கு ஒன்று புரிந்தது. அந்த வீட்டில் பேச ஆள் இல்லை. அவன் ஏணி மேல் நிற்க, வேதா கீழே ஒரு பிளாஸ்டிக் சேரை இழுத்துப் போட்டுக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தார். பால்காரர் பாக்கெட்டைக் கேட்டில் மாட்டிவிட்டு மணிகூட அடிக்காமல் போய்விடுவது. தப்பான நம்பர் என்று தெரிந்தும் ஒரு வங்கிக்காரப் பெண்ணிடம் பத்து நிமிஷம் பேசினது. பௌர்ணமி அன்றைக்கு மட்டும் கிரிவலம் போகிறவர்களின் பேச்சும் காலடியும் விடிய விடியக் கேட்கும், அன்றைக்குத்தான் தனக்கு நல்ல தூக்கம் வரும் என்றார். மறுநாள் காலையில் எட்டிப் பார்த்தால் ரோட்டில் வெறும் தண்ணீர் பாட்டில்கள் உருண்டுகொண்டிருக்குமாம்.

வினோதினி தினமும் போன் செய்கிறவள்தான். அவள் வீட்டில் ரெண்டு சின்னப் பிள்ளைகள். அம்மாவுக்கென்று பால்கனி வைத்த ஒரு அறையை ஒழித்து, கட்டில் போட்டு, படம் எடுத்து அனுப்பியிருந்தாள். அந்தப் படத்தை எழிலிடம் ரெண்டு தடவை காட்டினார். நல்லா இருக்குதும்மா, காத்து வரும் என்றான். வரும், வரும் என்றார். போகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை.

மத்தியானம் சாப்பிடாமல் அனுப்பமாட்டார். தேங்காய்த் துவையல் வைத்தார், அம்மியில் அரைத்தது. சமையல் மேடையில் மிக்சி இருந்தது. மேலே ஒரு பழைய துணி போர்த்தி, அதன் மேல் தூசி. ரிப்பேரா, பார்த்துக் குடுக்கட்டுமா என்று எழில் கேட்டான்.

"ரிப்பேர் இல்ல தம்பி" என்றார். அவ்வளவுதான்.

ரெண்டாம் நாள் கூரை ஸ்பீக்கர்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது கீழேயிருந்து ஒரு கேள்வி வந்தது. எல்லாம் மாட்டி முடித்த பிறகு மிஷின் ஒரு மைக்கை வைத்துக்கொண்டு ரூமையே காது கொடுத்துக் கேட்கும் என்று வீட்டுக்காரர் சொல்வாரே, அது நிஜமா?

நிஜம்தான். தொழிலைப் பற்றிக் கேட்டதால் எழிலுக்கும் வாய் திறந்தது. ஆம்ப்ளிஃபையரோடு ஒரு சின்ன மைக் வரும். உட்காரப் போகிறவரின் காது எந்த உயரத்தில் இருக்குமோ அங்கே அதை ஸ்டாண்டில் நிறுத்தணும். எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்தணும். மிஷின் முதலில் சும்மா கேட்கும்... அறை அமைதியாக இருக்கிறதா என்று. இருந்தால்தான் மேலே போகும். அப்புறம் ஒவ்வொரு ஸ்பீக்கரும் விசில் மாதிரி ஒரு சத்தம் கொடுக்கும். அது மைக்குக்கு வந்து சேர ஆகிற நேரத்தை வைத்து தூரத்தைக் கணக்குப் போடும்.

"நம்ம காதுக்குக் கேக்காததுகூட அதுக்குக் கேக்குமா?"

"ரொம்ப சன்னமா இருந்தாலும் புடிச்சிடும்மா. ஆளு உள்ள நின்னு மூச்சு விட்டாலே ஒத்துக்காது."

வேதா தலையாட்டினார். அதற்கப்புறம் அன்றைக்கு அவர் பேசவே இல்லை.

கிளம்பும்போது கேட் வரைக்கும் வந்தார். நாளைக்குக் காலையில் வந்து அளந்துவிடுகிறேன் என்று எழில் சொன்னதற்கு, காலையில் வேண்டாம் என்றார். மத்தியானம், சாப்பாட்டுக்கு மேல வா.

அப்படித்தான் மூன்றாம் நாள், அந்த ஒன்றரை மணி வெயிலில், அந்த ரோட்டில் எழில் வண்டியில் போனான்.

கதவு திறந்தே இருந்தது. வேதா குளித்து, வெளுத்த புடவை கட்டி, எங்கேயோ கிளம்புகிறவர் மாதிரி நின்றார். எழில் நேரே அறைக்குள் போனான். தியேட்டருக்கென்று புது சோபா எதுவும் வாங்கியிருக்கவில்லை. நடுவில் இருந்தது சக்கரபாணி அன்றைக்கு உட்கார்ந்த அதே தேக்கு நாற்காலி, கை வைக்கிற இடம் வழவழவென்று தேய்ந்தது. எழில் வழக்கமான கேள்வியைக் கேட்டான். கேட்டுவிட்டு அவனே பதிலும் சொன்னான். நீங்கதானே பார்க்கப் போறீங்க, உங்க உயரத்துக்கே வெச்சிடறேன்.

"எனக்கு வேணாம். அவருக்கு வையி."

அவர் எவ்வளவு உயரம் என்று கேட்க எழில் வாயெடுத்தான். அதற்குள் வேதா நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து, அதன் மேல் காற்றில் உள்ளங்கையைக் கவிழ்த்து வைத்தார். கொஞ்சமும் யோசிக்கவில்லை. அந்தக் கை எதன் மேலோ படிந்திருப்பது மாதிரி ஆடாமல் நின்றது. காது இங்க இருக்கும் என்றார்.

எழில் மைக்கை அங்கே நிறுத்தினான். குனிந்து ஸ்டாண்டின் காலை இறுக்கும்போது ஒரு வாசனை. புதுப் பசையின் வாடைக்கு நடுவே... நார்த்தங்காய் ஊறுகாய். சாப்பிட்டுக் கை கழுவின பிறகும் விரலில் நிற்குமே, அந்த வாசனை. அவன் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தது கீரைக் குழம்பு. வேதாவைப் பார்த்தான். அவர் அதற்குள் வெளியே போயிருந்தார்.

கதவைச் சாத்தினான். ரப்பர் உஸ்ஸென்று அடைத்துக்கொண்டது. ஹாலில் நின்று, மிஷினோடு இணைத்திருந்த போனில் அளக்கச் சொல்லித் தட்டிவிட்டான். அரை நிமிஷம்தான். அறையில் சத்தம் இருக்கிறது, அமைதியான பிறகு மறுபடி முயலவும் என்று திரையில் வந்தது.

ஏசியை நிறுத்தினான். மறுபடி. அறையில் சத்தம் இருக்கிறது.

பிரிட்ஜை நிறுத்தினான், மோட்டாரை நிறுத்தினான். ஆம்ப்ளிஃபையரைத் தவிர வீட்டில் இருந்த ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துக்கொண்டே வந்தான். ஹாலில் மின்விசிறி சுற்றி ஓய்ந்தது. புழுக்கம் ஏறியது. தூரத்தில் ஒரு மயில் அகவி நின்றது. அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை. அந்த மாதிரி ஒரு அமைதியை எழில் எந்த வீட்டிலும் பார்த்ததில்லை. மறுபடி தட்டினான்.

அறையில் சத்தம் இருக்கிறது.

இப்படி ஆனால் எழில் செய்வது ஒன்று உண்டு. அவனிடம் உள்ளங்கை அளவில் ஒரு ரெக்கார்டர். அதன் சின்ன மைக்கை மிஷினின் மைக்குக்குப் பக்கத்திலேயே கட்டி, மெல்லிய வயரைக் கதவின் ரப்பருக்கு நடுவே வெளியே விட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்பான். கூரைக்குள் பல்லி ஓடுவதைக்கூட அப்படிக் கண்டுபிடித்திருக்கிறான்.

கட்டிவிட்டு வந்தான். கதவைச் சாத்தி ஹெட்போனை மாட்டினான்.

முதலில் அடைத்த அறையின் ஊமைச் சத்தம். அப்புறம்...

டொக்.

டொக்.

டொக்.

மரத்தில் விரல் முட்டி படுகிற சத்தம். அவசரம் இல்லை. பலமும் இல்லை. ரொம்பக் கிட்டத்தில், மைக்குக்கு ஒரு முழம் கீழே. நாலாவது வரப் போகிறது என்று காது காத்திருந்தது. வரவில்லை. தோல் மரத்தில் உரசி நின்ற மாதிரி லேசாக ஒன்று. அவ்வளவுதான். நீளமாக ஒன்றுமில்லாமல் இருந்தது. பிறகு முதலிலிருந்து.

டொக். டொக். டொக்.

எழில் கதவைத் திறந்தான். நாற்காலி. ஸ்டாண்ட். நார்த்தங்காய் வாசனை, முன்னைவிட ஜாஸ்தியாக. ஹெட்போனில் ஒரு சத்தமும் இல்லை. சாத்தினான். கொஞ்ச நேரத்தில் மறுபடி ஆரம்பித்தது. ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கதவில் காதை வைத்துப் பார்த்தான். எதுவும் இல்லை. மாட்டினால் இருந்தது. ஒரு கதவு தூரம்தான்... அந்தக் கதவு எதையும் வெளியே விடாது.

திரும்பினான். வேதா சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாரோ.

"அன்னிக்கு நான் துவையல் அரைச்சிட்டிருந்தேன் தம்பி" என்றார். "மிக்சி ஓடிட்டிருந்தது."

எழில் ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினான்.

தூக்கத்திலேயே போய்விட்டார், ஒரு நொடிகூடக் கஷ்டப்பட்டிருக்க மாட்டார் என்று டாக்டர் சொன்னாராம். வினோதினியும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள். வருகிறவர் போகிறவர் எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். வேதாவும் சரி சரி என்று தலையாட்டினார். ஆனால் அவர்தான் போய் முதலில் பார்த்தவர். புருஷனின் கை மடியில் இல்லை, நாற்காலிக் கை மேல், தட்டுவதற்கு விரல் மடக்கினபடி இருந்தது. அதை வேதா இதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை. சாப்பாட்டுக்கு மேல் ஆனால் அந்தக் கதவுக்கு வெளியே வந்து நிற்பாராம். தினமும். ஒன்றும் கேட்காது. கேட்காத அறை அது, சக்கரபாணி பார்த்துப் பார்த்துக் கட்டினது.

"நிம்மதியாப் போயிட்டாருன்னா நானும் ஞாயித்துக்கெழம கெளம்பிடுவேன். இன்னும் கூப்ட்டுட்டேதான் இருக்காருன்னா... வுட்டுட்டு எப்பிடிப் போவேன், சொல்லு. அதுக்குத்தான் ஒன்ன வரச் சொன்னேன். என்ன கேக்குது?"

ஹெட்போன் இப்போது எழிலின் கழுத்தில் கிடந்தது. அது மெதுவாக அவன் தோள் எலும்பில் தட்டிக்கொண்டிருந்தது. டொக். டொக். டொக்.

பால்கனி வைத்த அந்த அறை அவனுக்கு நினைவு வந்தது. கட்டில், காற்று, ரெண்டு பிள்ளைகள். இந்தப் பக்கம் இந்த வீடு, கேட்டில் பால் பாக்கெட், இந்தக் கதவு. இதைச் சொன்னால் இந்த அம்மா செத்தாலும் இங்கிருந்து நகரமாட்டார். எழிலுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. தொழிலில் அவன் அதுக்குத்தான் பேர் வாங்கினவன்.

"ஒண்ணும் இல்லம்மா" என்றான். "வயர் லூஸ். அந்த கரகரப்புதான் மிஷினுக்கு சத்தமாத் தெரியுது."

வேதா அவனையே பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.

"குடு."

யோசிக்க நேரமில்லை. ஹெட்போனைக் கழற்றுகிற சாக்கில் அதன் வயர்ப் பின்னை ரெக்கார்டரிலிருந்து உருவிக் கைக்குள் மூடிக்கொண்டான். ரெக்கார்டரைப் பாக்கெட்டில் போட்டான். ஹெட்போனை மட்டும் அவர் கையில் கொடுத்தான். வயரின் நுனி அவன் முஷ்டிக்குள் இருந்தது. வேதா அதைக் கவனிக்கவில்லை. முடியை ஒதுக்கி, காதில் சரியாகப் பொருத்தி, கண்ணை மூடிக்கொண்டார்.

எழில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பாவம்தான், ஆனால் முடிந்தது என்று நினைத்தான். ஒன்றும் கேட்காது. ஒரு பாட்டம் அழுவார். கண்ணைத் துடைத்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை மகள் வருவாள்.

ரொம்ப நேரம் ஆன மாதிரி இருந்தது.

டொக்.

எழில் நிமிர்ந்தான். வேதாவின் விரல் முட்டி. சமையலறையின் மர நிலையில்.

டொக். கண் மூடியபடியே இருந்தது. பாட்டுக் கேட்கிறவர் தாளம் போடுவது மாதிரி, கேட்டுக் கேட்டுத் தட்டினார்.

டொக்.

நாலாவதுக்குத் தூக்கின விரல் இறங்கவில்லை. அந்தரத்திலேயே நின்றது. பிறகு மெல்ல, மரத்தை உரசிக்கொண்டு, கீழே வழிந்தது.

எழில் தன் முஷ்டியைத் திறந்து பார்த்தான். வயர்ப் பின் வியர்வையில் நனைந்து உள்ளங்கையில்தான் இருந்தது. எதிலும் சொருகாமல்.

"இதோ வந்துட்டேங்க" என்றார் வேதா.

அவனிடம் சொல்லவில்லை. கை வேலையாக இருக்கிறபோது ஹாலில் இருக்கிறவருக்குக் குரல் கொடுப்பார்களே, அந்தக் குரல். கொஞ்சம் சலிப்புகூட இருந்தது அதில். ஹெட்போனைக் கழற்றி எழிலின் கையில் வைத்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே போய்க் கதவைத் திறந்து உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. ரப்பர் அடைத்தது.

ஹால் சோபா மேல் வைத்திருந்த போன் தானாக மறுபடி முயன்றுகொண்டிருந்தது. திரை மாறியது. அதுவரைக்கும் ஒத்துக்கொள்ளாத மிஷின், அறை அமைதியாக இருக்கிறது என்று பச்சையாகக் காட்டியது. அளக்க ஆரம்பித்தது. முன்பக்கம், பின்பக்கம், தலைக்கு மேலே நாலு... ஒவ்வொன்றாக டிக் விழுந்தது. மூலைப் பெட்டியின் முறை வந்தபோது தரை லேசாக அதிர்ந்து அடங்கியது.

இப்போதுதான் ஒரு பெண் உள்ளே நடந்து போயிருக்கிறாள். அந்த மைக்குக்குப் பக்கத்தில் எங்கேயோ நிற்கிறாள், இல்லை உட்கார்ந்திருக்கிறாள். புடவை அசைந்தால்கூட அளப்பது நின்றுவிடும்.

நிற்கவில்லை. கடைசி டிக்கும் விழுந்தது. உள்ளே ஒரு மூச்சுச் சத்தம்கூட இல்லை என்றது மிஷின்.